முன் டயர், பின் டயர்

இரண்டு சக்கரம் இழுக்கும் காரை நான்கு சக்கரமும் இழுக்கும்படி மாற்றினால், முதல் வாரத்தில் ஏதாவது ஒரு சின்னத் தொந்தரவு வந்தே தீரும். நோலீனின் காரில் வந்த தொந்தரவு ஒரு லீவர். முன் சக்கரங்களை இணைப்பதற்காக டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டை லீவர் வைத்திருந்தேன். முன்னால் தள்ளினால் சுலபமாகப் போய் உட்கார்ந்தது. திரும்ப இழுத்தால் வரவில்லை. மில்பரூவில் இருக்கும் ஒரே தார்ச் சாலையில், தபால் நிலையத்திலிருந்து மதுக்கடை வரை ஒரு நடை ஓட்டிப் போய், நிறுத்தி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. ஆனால் கொட்டகைக்குள் கொண்டு வந்து நிறுத்தும்போது, அதே லீவர் ஒன்றும் நடக்காதது போலக் கையோடு வந்தது. லீவருக்குக் கீழே இருந்த பல்சக்கரப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். பல் எதுவும் உடையவில்லை. எண்ணெயில் இரும்புத் தூள் இல்லை. மூடினேன். மறுநாளும் இதே கதை. மூன்று நாள் எனக்குக் காரணம் பிடிபடவில்லை.

நீங்கள் கேட்டது இதை அல்ல என்று தெரியும், சார்ஜென்ட். ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் மற்றது வரிசையாக வரும். உங்கள் கான்ஸ்டபிள் நிதானமாகவே எழுதலாம். எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் கெல்வின் பாஸ்கோ. ஊரில் எல்லோருக்கும் கெல். வயது ஐம்பத்து மூன்று. மில்பரூவில் இருக்கும் ஒரே பெட்ரோல் பம்பும் அதற்குப் பின்னால் இருக்கும் பட்டறையும் என்னுடையவை. நோலீன் டிரெலோர் எங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். இருபத்தாறு வயது. என் நண்பன் ராய்ஸின் ஒரே மகள். ராய்ஸ் பதினோரு வருடங்களுக்கு முன்னால், ஐம்பத்தேழாம் வருடம், லாரியை எடுத்துக்கொண்டு தாமிரக் கல் தேடிப் போனவன் திரும்பி வரவில்லை. அவன் வழக்கமாக வடக்கே போகிறவன். அதனால் வடக்கே இரண்டு வாரம் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அதன் பிறகு அந்தப் பெண்ணுக்கு ஊரில் மாமா என்று கூப்பிட நான்தான் இருந்தேன்.

இந்த வருடம் மே மாதம் ஒரு சனிக்கிழமை அவள் தன் அப்பா வீட்டில் விட்டுப் போன பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்து பம்ப் பக்கத்தில் நிறுத்தினாள். ஆட்டுப் பண்ணையில் வேலை செய்யும் லயல் ஆப்பர்மன், ஜீப்புக்குப் பெட்ரோல் போட வந்தவன், நிழலில் உட்கார்ந்து இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"மாமா, இதுக்கு முன் வீலும் சேர்ந்து இழுக்கற மாதிரி பண்ண முடியுமா?"

"முடியும். எதுக்கு, ஸ்கூலுக்குப் போறதுக்கா?"

"டீச்சரம்மா, இந்தக் கிழட்டு வண்டிக்கா?" என்றான் லயல். "இதுக்கு நாலு வீலும் இழுக்க வேணாம், நாலு ஊன்றுகோல் குடுத்தா போதும்."

"உங்க ஜீப்புக்குக் கதவு மாட்டிட்டு வந்து பேசுங்க லயல்."

"கதவு இருந்தா ஆட்டுக்குட்டி எப்படி உள்ள ஏறும்?"

அவள் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "மணல் தாண்டிப் போறதுக்கு மாமா. வடகிழக்குப் பக்கம். சர்வே ப்ளேன் ஓட்டறவர் சொன்னார், கல்வெளிக்கு அந்தப் பக்கம் ஏதோ மின்னுச்சாம். லாரிக் கண்ணாடி மாதிரி இருந்துச்சாம்."

நான் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன். கைகள் சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தேன். அதை இருவரும் கவனிக்கவில்லை. "அங்க ராய்ஸ் எதுக்குப் போறான்?" என்று கடைசியில் சொன்னேன்.

"அதைத்தான் போய்ப் பாக்கணும்."

வடகிழக்கே ஏழு மைலுக்கு மண் தடம் இருக்கிறது. அதற்குப் பிறகு எட்டு மைலுக்கு மணல் மேடுகள், ஒன்றன் பின் ஒன்றாகப் பன்னிரண்டு. பின் சக்கரம் மட்டும் இழுக்கும் கார் முதல் மேட்டிலேயே புதைந்துவிடும். மேடுகளைத் தாண்டினால் இருபது மைல் கல்வெளி. சிவப்புக் கூழாங்கற்கள் நெருக்கமாகப் பதிந்த, தார்ச் சாலை போலக் கெட்டியான தரை. அங்கே யாருக்கும் வேலை கிடையாது. ஜீப் வைத்திருந்த இரண்டு பண்ணைகளின் ஆடுகளும் தெற்கே மேய்ந்தன. பதினோரு வருடமாக நான் அந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்தது இல்லை. சாப்பாட்டு மேஜையைக்கூட அதற்கு முதுகு காட்டித்தான் போட்டிருந்தேன்.

முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் அவள் காரைத் துறைமுக ஊருக்குக் கொண்டுபோயிருப்பாள். அங்கே வேறு யாராவது செய்திருப்பார்கள். நான் செய்தால், அந்த கார் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பது எனக்குத் தெரிந்திருக்கும். பயந்த மனிதனுக்கு அது ஒரு ஆறுதல்.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. சாதாரண காரில் கியர்பாக்ஸிலிருந்து ஒரு ஷாஃப்ட் பின்னால் போய்ப் பின் சக்கரங்களைச் சுற்றுகிறது. முன் சக்கரங்கள் சும்மா உருள்கின்றன. அவற்றையும் சுற்ற வேண்டுமானால், கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி வேண்டும். வருகிற சுழற்சியை அது இரண்டாகப் பிரித்து ஒன்றைப் பின்னாலும் ஒன்றை முன்னாலும் அனுப்பும். முன்னால் வாங்கிக்கொள்ள, சக்கரங்களைச் சுற்றவும் திருப்பவும் தெரிந்த ஒரு முன் அச்சு வேண்டும். முன் அச்சுக்குள்ளும் பின் அச்சுக்குள்ளும் இருக்கும் பல்சக்கரங்கள் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். பின்னால் ஒன்பதுக்கு முப்பத்தைந்து பல் என்றால் முன்னாலும் அதேதான். எஞ்சினை நான்கு அங்குலம் தூக்கி, சட்டத்தை வெட்டி, முன் ஸ்பிரிங்கை மாற்றி, எண்ணெய்த் தொட்டியை வளைத்துச் செய்தேன். ஒவ்வொரு வெல்டையும் அரைத்து வழவழப்பாக்கினேன். இதை விட நல்ல வேலையை நான் செய்ததில்லை.

ஜூலையில் முடித்திருக்கலாம். ராணுவ ஏலத்தில் எடுத்த முன் அச்சு ஒன்று கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பல் எண்ணிக்கை சரியாகப் பொருந்தியது. "அச்சு இன்னும் வரலை கண்ணு" என்று அவளிடம் மூன்று மாதம் சொன்னேன். வெயில் காலம் வந்துவிட்டால் யாரும் மணல் பக்கம் போக மாட்டார்கள், அவளும் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் செப்டம்பரில் அவளுக்கு ஜனவரி முதல் நகரத்துப் பள்ளிக்கு மாற்றல் என்று கடிதம் வந்தது. அதற்குள் போயே ஆக வேண்டும் என்றாள். அக்டோபர் கடைசியில் அச்சு வந்துவிட்டது என்று சொன்னேன்.

இனி ராய்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் லாரியின் கதவை நீங்களே பார்த்துவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். ஊரைத் தாண்டிப் போகிறவர்கள் என் பட்டறையில் இருக்கும் சிலேட்டுப் பலகையில் பெயர், திசை, திரும்பும் நாள் மூன்றையும் எழுதிவிட்டுப் போவார்கள். அந்த நாள் மாலைக்குள் ஆள் வரவில்லை என்றால் பலகைக்காரன் போலீஸுக்குத் தந்தி கொடுத்துவிட்டு ஊரைக் கூட்ட வேண்டும். பலகைக்காரன் நான். அதனால்தான் இங்கே யாரும் கார் நின்றுபோனால் அதை விட்டு நகர மாட்டார்கள். பலகை இருக்கிறது, ஆள் வரும் என்று நிழலில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஐம்பத்தேழில் ராய்ஸோடு நானும் போனேன். துறைமுகத்துக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று மதுக்கடையில் சொல்லிவிட்டு, பட்டறையைப் பூட்டிவிட்டுப் போனேன். தாமிரம் இருக்கும் இடம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும் என்று ராய்ஸ் விரும்பினான். பலகை அப்போது உள்ளே தொங்கியது. அதில் இரண்டு பேரையும் அவன்தான் எழுதினான். அந்தப் பயணத்தில் ராய்ஸ் மேட்டுக்கு மேடு சக்கரங்களுக்கு அடியில் தகரப் பாய்களை விரித்து, டயரில் பாதிக் காற்றை இறக்கி, ஐந்து நாள் எடுத்து மணலைத் தாண்டினான். கல்வெளிக்கு அப்பால் ஒரு சரிவில் லாரியை நான் ஓட்டினேன். வேண்டாம் என்று அவன் சொன்னான். லாரி சாய்ந்தது. அவன் கால் தொடைக்குக் கீழே முறிந்தது. பெரிய தண்ணீர் டிரம் உடைந்துவிட்டது. இரண்டு காலன் கேன் ஒன்று மிஞ்சியது.

படுத்திருப்பவனை விட நடப்பவனுக்குத்தான் தண்ணீர் அதிகம் தேவை. ராய்ஸும் அதை ஒத்துக்கொண்டான். ரேடியேட்டரில் இருப்பது தனக்குப் போதும் என்றான். நான் கேனை எடுத்துக்கொண்டு, வெயில் தாழ்ந்த நேரங்களில் நடந்து, நான்காம் நாள் விடியும்போது பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். ஒரு மணி நேரம் படுத்துவிட்டுப் போய்ச் சொல்லலாம் என்று படுத்தேன். ஏன் நீ ஓட்டினாய் என்று கேட்பார்கள். எல்லாத் தண்ணீரையும் ஏன் நீ எடுத்தாய் என்று கேட்பார்கள். பதிலை யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டேன். மதியம் யாரோ பெட்ரோலுக்கு மணி அடித்தார்கள். எழுந்து போய்ப் போட்டேன். அதன் பிறகுதான் கஷ்டம். பெட்ரோல் போடுவதற்கு முன்னால் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் இப்போது சேர்ந்துவிட்டது. ஒரு மணி நேரம் தள்ளிப்போட்ட செய்தியை இரண்டாம் மணி நேரத்தில் சொல்வது அதிகக் கடினம். மாலையில் அதைச் சொல்லவே முடியாது என்றாகிவிட்டது. பலகையைத் துடைத்தேன்.

அதன் பிறகு பலகையை வெளியே, பம்புக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டினேன். என்னை விடக் கவனமான பலகைக்காரன் இந்த மாவட்டத்தில் இல்லை என்று சொல்வார்கள். பதினோரு வருடத்தில் ஏழு பேரை நேரத்துக்குக் கண்டுபிடித்திருக்கிறோம். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

லீவருக்கு வருகிறேன். மூன்றாம் நாள் எனக்கு ஒன்று தோன்றியது. டயரில் சாக்கட்டியால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. காரை ஒரு முழுச் சுற்று உருட்டி, அந்த தூரத்தை அளந்தேன். பின் டயர் ஒரு சுற்றில் ஏழு அடி எட்டு அங்குலம் போனது. முன் டயர் ஏழு அடி ஐந்தரை. இரண்டரை அங்குலம் குறைவு. காரணம் சாதாரணமானது. பின்னால் இரண்டு புது டயர் மாட்டியிருந்தேன், அவளுக்கு என் அன்பளிப்பாக. முன்னால் அவளுடைய பழைய, தேய்ந்த டயர்கள். உயரத்தில் ஒரு விரல் அகலம்தான் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு பேரைக் கயிற்றால் பிணைத்து, இருவரும் ஒரே எண்ணிக்கையில் அடி வைக்க வேண்டும் என்று நடக்கவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அடி கொஞ்சம் நீளம், மற்றவர் அடி கொஞ்சம் குட்டை. முன் சக்கரமும் பின் சக்கரமும் அப்படித்தான் பெட்டியால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. மைலுக்கு நூற்று நாற்பது அடி முன் சக்கரம் பின்தங்கப் பார்க்கும். மணலில் இது ஒரு பொருட்டே இல்லை. டயர் வழுக்கி வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். கெட்டித் தரையில் வழுக்க இடம் இல்லை. அந்த வித்தியாசம் ஈரத் துணியைப் பிழிவது போல ஷாஃப்ட்டுகளில் முறுக்காக ஏறும். முறுக்கு பெட்டியின் பற்களை ஒன்றோடு ஒன்று அழுத்திப் பிடிக்கும். அதனால் லீவர் வராது. அப்படியே விடாமல் ஓட்டினால் பெட்டி சூடாகும், எண்ணெய் சீல் கருகும், எண்ணெய் ஒழுகிப் போகும், கடைசியில் பற்கள் இறுகிப் பெட்டி நின்றுவிடும். பெட்டி நின்றால் நான்கு சக்கரமும் நின்றுவிடும்.

அதே அளவில் இன்னும் இரண்டு புது டயர்கள் சுவரில் உயரத்தில் தொங்கின. மாற்றுவது ஒரு மணி நேர வேலை. ஏணியை எடுத்து வந்து சாத்தினேன். கீழ்ப்படியில் நின்று யோசித்தேன். பன்னிரண்டு மணல் மேட்டையும் அருமையாகத் தாண்டி, கல்வெளியில் மட்டும் நின்றுபோகும் ஒரு கார். காரில் ஒரு குறையும் இல்லை. யார் பிரித்துப் பார்த்தாலும் என் வேலையைப் பாராட்டத்தான் முடியும். நான் காரை எதுவும் செய்ய வேண்டியதுகூட இல்லை. ஏணியை எடுத்து, இருந்த இடத்தில் வைத்தேன். மே மாதத்துக்குப் பிறகு அன்றுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

நவம்பர் எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை அவள் புறப்பட்டாள். பள்ளியில் விடுப்பு வாங்கியிருந்தாள். பன்னிரண்டு காலன் தண்ணீர், மாவு, டின் இறைச்சி, தேயிலை. தபால் நிலையத்தில் வாடகைக்கு இருக்கும் ஒரே வயர்லெஸ் பெட்டியைச் சர்வேக்காரர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். லயல் வந்து காரைச் சுற்றிக் குனிந்து பார்த்தான்.

"என்னய்யா கெல், நாலு காலும் முளைச்சிடுச்சு. வால் எங்க?"

"நீதான் வால்னு நெனச்சேன்."

"நெசமாவே வர்றேன். டீச்சரம்மா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்தீங்கன்னா ஜீப்பைக் கேட்டு வாங்கிட்டு நானும் பின்னாலயே வர்றேன். இந்த வெயில்ல ஒத்த வண்டி வேணாம்."

அவள் என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு வண்டி எதுக்குடா? மொதலாளிகிட்ட நீ திட்டு வாங்கறதுக்கா?" என்றேன். "பலகைல எழுதிட்டுப் போறா. நான் இருக்கேன்ல."

அதோடு பேச்சு முடிந்தது. எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு மேல் வார்த்தை கிடையாது. அவள் பலகையில் எழுதினாள். நோலீன். வடகிழக்கு, கல்வெளிக்கு அப்பால். 12 மாலை.

காரில் ஏறிய பிறகு கேட்டாள். "லயல் சொல்றார், கெட்டித் தரை வந்தா முன் வீல் இணைப்பை எடுத்துடணும்னு."

"அது கம்பெனில பண்ண வண்டிக்கு. இது நான் பண்ணது. மணல்ல போட்டா, திரும்பி இங்க வர்ற வரைக்கும் எடுக்காத."

"லீவர் சிக்கிக்கிட்டா என்ன பண்றது?"

"சிக்காது கண்ணு. புதுசு, கொஞ்சம் இறுக்கமா இருக்கும். தொடாம விட்டுடு."

"கணக்கு டீச்சர்கிட்ட விடையை மட்டும் சொல்றீங்க. வழிமுறை?"

"வந்ததும் சொல்றேன்."

சிரித்துக்கொண்டே போனாள். லயல் சொன்னதை அவள் நம்பியிருந்தால் நல்லதாக இருந்திருக்கும். ஆனால் ஒரு காரைச் செய்தவன் சொல்வதை விட்டுவிட்டு மற்றவன் பேச்சைக் கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை.

மதியம் தெருவில் ஆள் இல்லாத நேரம், பலகைக்கு முன்னால் நின்றேன். அவள் எழுதும் இரண்டு, கழுத்து நிமிர்ந்து, கீழே நேர்கோட்டோடு முடியும். கட்டைவிரலை நாக்கில் நனைத்து அந்தக் கீழ்க்கோட்டை மட்டும் துடைத்தேன். 12 என்பது 17 ஆனது.

அவளைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கல்வெளியில் கார் நிற்கும், பயந்துபோவாள், திரும்ப அங்கே போக மாட்டாள், இவ்வளவுதான் என் எண்ணம். அப்படியானால் தேதியை ஏன் மாற்றினாய் என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். அதற்கு நான் இரவெல்லாம் பதில் தேடினேன். சீக்கிரம் தேடப் போனால் லயலின் ஜீப் கல்வெளி முழுவதும் சுற்றும், லாரி வரை போய்விடும் என்று பயந்தேன். அந்த நேரத்தில் எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. பயம் ஒரு சமயத்தில் ஒரு பொருளைத்தான் காட்டும், சார்ஜென்ட்.

பதின்மூன்றாம் தேதி லயல் வந்தான்.

"டீச்சரம்மா வந்தாச்சா?"

"பதினேழுன்னு போட்டிருக்கா."

அவன் தொப்பியைத் தூக்கிக்கொண்டு பலகையை அண்ணாந்து பார்த்தான். "நான் பன்னெண்டுன்னுல்ல நெனச்சேன்."

"நீ எப்பய்யா எண்ணு படிச்ச? ஆட்டை எண்ணச் சொன்னாலே தூங்கிடுவ."

அவன் சிரித்தான். தன் மடத்தனத்தை மதுக்கடையிலும் சொல்லிச் சிரித்தான் என்று கேள்விப்பட்டேன். அந்த நான்கு நாள் நிழலிலும் வெப்பமானி நூற்றுப் பதினான்கு ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே வரவில்லை. ஒவ்வொரு தடவை அதைப் பார்க்கும்போதும் அவளிடம் பன்னிரண்டு காலன் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினேழாம் தேதி மாலை, சூரியன் இறங்கிய அதே நிமிடத்தில் தந்தி கொடுத்தேன். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. பத்தொன்பதாம் தேதி கண்டுபிடித்தோம். நீங்களும் இருந்தீர்கள். கார் கல்வெளியின் நடுவில், ஊரைப் பார்த்து நின்றது. ஊரைப் பார்த்து. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, போகும்போது அது நிற்கவில்லை. என் வெல்டும் என் பெட்டியும் நான் கணக்குப் போட்டதை விட நன்றாகத் தாங்கி, அவளை லாரி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, திரும்பும் வழியில்தான் நின்றிருக்கின்றன. அவள் காரின் நிழல் விழும் பக்கம் உட்கார்ந்திருந்தாள். காரை விட்டு நகரவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளை. எல்லோரும் அவளிடம் ஓடினார்கள். நான் முன் டயர்களைத்தான் முதலில் பார்த்தேன். நூல் தெரியத் தேய்ந்திருந்தன. லயல் நீங்கள் இருப்பதையும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து, "பன்னெண்டுதான், பன்னெண்டுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டுத்தான் நீங்கள் பலகையைப் பார்க்க வந்தீர்கள் என்று நினைக்கிறேன்.

அவளுடைய நோட்டுப் புத்தகத்தை நேற்று எனக்குப் படித்துக் காட்டினீர்கள். லாரிக் கதவில் ராய்ஸ் ஆணியால் கீறியிருந்ததை அப்படியே எழுதி வைத்திருந்தாள். கால் உடைந்தது. கெல் உதவி தேடிப் போயிருக்கிறான். காத்திருக்கிறேன். அதற்குக் கீழே நாளுக்கு ஒன்றாக ஆறு கோடுகள். அதற்கு அடுத்த பக்கத்தில் அவள் எழுதியது: கெல் மாமா இங்கே வந்ததை எங்களிடம் சொல்லவே இல்லை. ஏதோ காரணம் இருக்கும். பன்னிரண்டாம் தேதி மாலை அவர் ஆட்களோடு வருவார், அப்போது கேட்க வேண்டும்.

பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகும் நான்கு நாள் எழுதியிருக்கிறாள். ஒரு இடத்திலும் என்னைத் திட்டவில்லை. மாமாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஒரு வரி இருந்தது. அதைப் படிக்கும்போது உங்கள் குரல் மாறியது. அவள் என்னைத் திட்டாதது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னேன், நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்கள். நான் சொன்னதில் தவறு என்ன என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் என் வாழ்க்கையில் யார் மேலும் கை ஓங்கியதில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பெட்டி இறுகுவதற்கு முன்னால் லீவரை வெளியே எடுக்க அவள் பதினொரு தடவை முயன்றிருக்கிறாள். கணக்கு டீச்சர் அல்லவா, ஒவ்வொன்றையும் எண் போட்டு எழுதியிருக்கிறாள். இரண்டு கையால். காலால் உதைத்து. ஜாக்கிக் கம்பியைக் கட்டி நீட்டி. எஞ்சினை நிறுத்தி. விடியற்காலையில், இரும்பு குளிர்ந்த பிறகு. ஓட்டிக்கொண்டே இழுத்து. எல்லாம் சரியான யோசனைகள். எல்லாவற்றையும் காரை முன்னால் ஓட்டியோ நிறுத்தி வைத்தோதான் செய்திருக்கிறாள். லீவர் மட்டும் வந்திருந்தால் பெட்டி ஆறியிருக்கும், பின் சக்கரங்களே அவளைக் கல்வெளி முழுவதும் கொண்டுவந்திருக்கும், மணல் வந்ததும் மறுபடி போட்டுக்கொண்டு ஊர் சேர்ந்திருப்பாள்.

சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று அவள் கேட்டாள். பதில் எனக்கு அப்போதே தெரியும். கொட்டகைக்குள் நான் எப்போதும் காரைப் பின்பக்கமாகத்தான் விடுவேன், அதனால்தான் அங்கே அது கையோடு வந்தது. எழுதிக்கொள்ளுங்கள். பலம் தேவையில்லை. ரிவர்ஸ் கியர் போட்டுக் காரை நேராகப் பத்தடி பின்னால் விட வேண்டும். ஏறிய முறுக்கு வந்த வழியே அவிழும். கார் நகர்ந்துகொண்டிருக்கும்போதே லீவரை இரண்டு விரலால் இழுத்தால் போதும், வந்துவிடும்.